பேனரில் யார் முகம்?

மக்கள் தொடர்புத் தொழிலில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. வீடமைப்புத் திட்டம், காப்புறுதி, தனியார் கல்லூரி, சமையல் எண்ணெய் என்று பலவற்றுக்கும் பெயர் தேடிக் கொடுத்திருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் சம்பளம் வந்தது. சம்பளமே இல்லாமல் செய்த ஒரு வேலையில்தான் இந்தத் தொழிலின் அடிப்படை எனக்குப் பிடிபட்டது. பூச்சோங்கில் முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் ஒரு சிறிய தொண்டர் அமைப்புக்குச் சின்னம் உருவாக்கி, துண்டறிக்கை எழுதி, பத்திரிகைக்கும் வானொலிக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த வேலை அது. அமைப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உறுப்பினர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

பூச்சோங் என்றால் இன்று பலருக்கு எல்டிபி நெடுஞ்சாலையின் நெரிசலும் ஐஓஐ மாலும் பண்டார் புத்திரியின் உணவகங்களும்தான் நினைவுக்கு வரும். 2016இல் எல்ஆர்டி புத்ரா ஹைட்ஸ் வரை ஓடத் தொடங்கிய பிறகு அடுக்குமாடிகள் இன்னும் பெருகிவிட்டன. அதற்கு முந்தைய பூச்சோங் ரப்பருக்கும் ஈயத்துக்கும் உரியது. கின்றாரா, காசல்ஃபீல்டு என்ற தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்றும் இருக்கின்றன. கின்றாராவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்தில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனை அங்கே இயங்கியது. பின்னாளில் அந்தப் பகுதி நம் தரைப்படையின் முகாமாக ஆனது. முகாமில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் பலர் சுற்றுவட்டாரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். பூச்சோங்கின் புதிய குடியிருப்புகளில் வாசற்கம்பியைத் தூக்கி நம் காரை உள்ளே விடுகிற முதிய ஜாகாக்களில் சிலர், ஒரு காலத்தில் தாய்லாந்து எல்லைக் காட்டில் ரோந்து போனவர்கள். இதை நான் அமைப்பில் சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். அதன்பின் ஒவ்வொரு வாசலிலும் கண்ணாடியை இறக்கி, "ஐயா, பட்டாளத்துல இருந்தீங்களா?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

என்னை அவர்கள் கூப்பிட்டது ஒரு பேனருக்காக. ஜூலை 31 வீரர் தினம், மலாயில் ஹரி பஹ்லவான். 1960இல் அவசரகாலம் முடிவுக்கு வந்த நாள் அது. அன்றைக்குத் தொங்கவிட ஒரு பேனர், கூடவே ஒரு சின்னம், பத்திரிகைக்கு ஒரு செய்தி. செயலவையில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற சார்ஜன்களும் வாரண்ட் ஆபிசர்களும். என்ன வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. புலி வேண்டும், துப்பாக்கி வேண்டும், தேசியக் கொடி வேண்டும். நடுவில் ரியர் அட்மிரல் டான்ஸ்ரீ தனபாலசிங்கத்தின் படம் வேண்டும்.

அவர் படத்தைக் கேட்டதன் காரணம் எனக்குப் புரிந்தது. 1967இல், 31 வயதில், மலேசியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் அவர். ஒரு தமிழர். அவர் பெயரைச் சொன்னாலே கூட்டத்தில் இருந்த முதியவர்களின் முதுகு நிமிர்ந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வேதனைதான். ஆனால் அந்தப் பேனரில் அவர் படம் வேண்டாம் என்றேன். அறையில் இருந்த ஒரு முன்னாள் லான்ஸ் கோப்பரல்தான் அதற்குக் காரணம். கூட்டம் முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. தேநீர் இடைவேளையில், உங்களுக்கு அமைப்பிலிருந்து என்ன உதவி கிடைத்தது என்று கேட்டேன். "எனக்கெல்லாம் ஒண்ணும் கெடைக்காதும்மா. நான் பென்சன்காரன் இல்ல. நாற்காலி அடுக்க வந்தேன்," என்றார்.

அந்தப் பதிலில் இருந்துதான் வேலை தொடங்கியது. சாதாரண நிலை வீரர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடைக்க 21 ஆண்டு சேவை வேண்டும். பத்து, பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளில் வெளியே வந்தவர்களுக்கு ராணுவச் சேமநிதியான எல்டிஏடியின் சேமிப்பு கைக்கு வந்திருக்கும். அது வீட்டுக் கடனுக்கோ மகள் கல்யாணத்துக்கோ போயிருக்கும். அவர்கள் எல்லோரும் தங்களை யாருடைய கணக்கிலும் இல்லாதவர்களாக நினைத்து வாழ்கிறார்கள். தற்காப்பு அமைச்சின்கீழ் ராணுவ முன்னாள் வீரர் விவகாரத் துறை இருக்கிறது, ஜே.எச்.இ.வி. என்று சொல்வார்கள். ஓய்வூதியம் இல்லாதவரும் அதில் பதிந்துகொள்ளலாம். வறுமை, நோய், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு அங்கே உதவித் திட்டங்கள் இருக்கின்றன. முன்னாள் படைவீரர்களுக்கென்றே 2012இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. இதெல்லாம் இருந்தும், நாற்காலி அடுக்க வந்த அந்த மனிதர் தனக்கு எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பினார். அட்மிரலின் படத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கை இன்னும் இறுகும்: இது பெரியவர்களுக்கான இடம், நமக்கு இங்கே என்ன வேலை என்று.

யாருக்காகப் பேனர் என்று செயலவையைக் கேட்டேன். பொதுமக்களுக்கு என்றார்கள், நன்கொடையாளர்களுக்கு என்றும் சேர்த்துக்கொண்டார்கள். நான் வேறுவிதமாகச் சொன்னேன். நம் விளம்பரத்தின் முதல் வாசகர் படைவீரர்தான். அவரைவிடவும் முக்கியமாக, அவர் மனைவி. அவர்கள் படித்து, "இது நமக்குத்தான்" என்று எழுந்து வரவில்லை என்றால், ஊர் முழுக்க நம் பெயர் தெரிந்தும் பயனில்லை. அன்றிலிருந்து நாங்கள் செய்த ஒவ்வொன்றையும் இந்த ஒரே கேள்வியால் அளந்தோம். மக்கள் தொடர்பு என்றால் பணம் உள்ளவர்களின் கவனத்தைப் பிடிப்பது என்று என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. தொண்டு அமைப்புகளுக்கு அது தலைகீழான பாடம் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்ச் சமூகத்தில் இந்த வேலைக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் குடும்பங்களுக்கு ராணுவ நினைவு இல்லாமல் இல்லை. தோட்டத்து வீடுகளின் சுவரில் காந்தி பக்கத்தில் நேதாஜி இருந்தார். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி கூப்பிட்டபோது பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் சேர்ந்தார்கள். ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் ஆகிய பெயர்கள் மேடைகளில் ஒலிக்கின்றன. அந்த நினைவு நியாயமானது. ஆனால் அது அங்கேயே நின்றுவிட்டது. 1952இல் எல்லா இனத்தவருக்குமாகத் தொடங்கப்பட்ட ஃபெடரேஷன் ரெஜிமென்ட், பிறகு ரெஞ்சர் ரெஜிமென்ட், பொறியியல், தகவல் தொடர்பு, மருத்துவப் பிரிவுகள், கடற்படை, ஆகாயப்படை என்று நம்மவர்கள் பணியாற்றிய இடங்களைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை. 1968இல் மீண்டும் தொடங்கிய கம்யூனிஸ்டுப் போராட்டம் 1989 டிசம்பர் 2ஆம் தேதி ஹாட்யாய் உடன்பாட்டில்தான் முடிந்தது. நாட்டின் நகரங்களில் தொழிற்சாலைகளும் வங்கிகளும் எழுந்துகொண்டிருந்த அந்த இருபது ஆண்டுகளில், எல்லைக் காட்டில் ஜெராங்காப் சாமார் என்னும் மறைகண்ணிகளில் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வானொலித் தயாரிப்பாளர், நல்ல பிள்ளை, என்னிடம் வியப்போடு கேட்டார்: "அக்கா, நம்ம ஆளுங்க ஆர்மில இருந்தாங்களா?" அவருடைய சொந்தப் பெரியப்பாவே சிக்னல் பிரிவில் இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. பெரியப்பா வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லையாம்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடே ஓர் எடுத்துக்காட்டு. 1993 அக்டோபர் 3ஆம் தேதி சோமாலியாவின் மொகதிஷுவில் அமெரிக்க வீரர்கள் சிக்கிக்கொண்டபோது, மலேசியப் படையினர் தங்கள் காண்டோர் கவச வண்டிகளில் பாகிஸ்தானியப் படையினரோடு சேர்ந்து மீட்கப் போனார்கள். மாட் அஸ்னான் அவாங் அங்கே உயிரிழந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா அவருக்கு வழங்கப்பட்டது. 2001இல் வெளிவந்த 'பிளாக் ஹாக் டவுன்' உலகமெங்கும் ஓடியது. அதில் மலேசியர்களின் பங்கு கண்ணில் படுவதே அரிது. மலேசியத் தரப்புக் கதையை 'மால்பாட்: மிசி பக்காரா' என்ற படமாக நாம் எடுக்க 2023 ஆகிவிட்டது. முப்பது ஆண்டுகள். அந்தப் படம் திரையில் ஓடிய வாரங்களில் எங்கள் தொலைபேசி அடித்ததுபோல் எந்த வீரர் தினத்திலும் அடித்ததில்லை. படம் பார்த்துவிட்டு வந்த பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பழைய பெட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

சின்னத்துக்கு வருகிறேன். புலியும் குறுக்கே வைத்த கிரிஸ் கத்திகளும் தரைப்படையின் சின்னத்துக்கு உரியவை. அரசுச் சின்னங்களையும் பெயர்களையும் தனியார் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ராணுவத்தின் முத்திரையைப் போல ஒன்றை அச்சடித்துக்கொண்டு தொண்டு அமைப்பு ஊருக்குள் போனால், அரசே வந்து பணம் கேட்கிறது என்று மக்கள் நினைப்பார்கள். துப்பாக்கியையும் வேண்டாம் என்றேன். சமையல் பிரிவிலும் கிடங்கிலும் மருத்துவப் பிரிவிலும் காலம் முழுக்க உழைத்தவர்கள், துப்பாக்கி ஏந்திய படத்தில் தங்களைக் காணமாட்டார்கள். அப்படியானால் எல்லோர் கையிலும் இருந்தது எது? ஒரு முன்னாள் கோப்பரல் யோசிக்காமல் சொன்னார்: "மெஸ் டின்." காட்டில் சோறு பொங்கிய, மழைநீர் பிடித்த, பக்கத்து ஆளுக்குப் பங்கு போட்ட அந்தத் தகரப் பாத்திரம். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஈபானும் வைத்திருந்தது. மேஜரிடமும் இருந்தது, புதிதாகச் சேர்ந்தவனிடமும் இருந்தது. கோட்டோவியமாக ஒரு மெஸ் டின், அதன் கீழே மூன்று மொழியில் ஒரு வரி, அதைவிடப் பெரிய எழுத்தில் ஒரு தொலைபேசி எண். சின்னம் அவ்வளவுதான். என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் பெருமைப்படும் சின்னம் இதுவே.

பாப்பி மலரின் கதையை அந்தச் சமயத்தில் செயலவைக்குச் சொன்னேன். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1921இல் பிரிட்டிஷ் லீஜன் முதன்முதலாகப் பாப்பி மலர்களை விற்றது. அடுத்த ஆண்டே, கை கால் இழந்த முன்னாள் வீரர்கள் அந்த மலர்களைச் செய்வதற்கென்று லண்டனில் ஒரு பட்டறை தொடங்கிவிட்டது. சட்டையில் குத்திக்கொள்ளும் பூவை ஒரு படைவீரரின் கையே செய்தது என்பதுதான் அந்தச் சின்னத்தின் வலிமை என்று நான் கருதுகிறேன். நூறு ஆண்டுகள் கடந்தும் அது நிற்கிறது. தமிழ்நாட்டில் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள். முப்படைகளைக் குறிக்கும் சிவப்பும் கருநீலமும் இளநீலமும் கொண்ட சின்னக் கொடி பள்ளிக்கூடம் வரை வருகிறது. காசு போட்ட பிள்ளைக்குப் படைவீரர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதாவது தெரியும். இங்கே நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. உண்டியலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போக எங்களுக்கு மனமில்லை. ஆகவே திசைகாட்டியோடு போனோம். வரைபடம் படிப்பது, முடிச்சுப் போடுவது, வெள்ளத்தில் ஆளைக் கரையேற்றுவது ஆகியவற்றை ஒரு முன்னாள் சார்ஜன் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தார். போர்க்கதை ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரமே, "எங்க தாத்தாவும் ஆர்மி" என்று சொன்ன பிள்ளைகளின் வீடுகளிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின.

செய்தி போய்ச் சேரும் வழிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலை கடைசி வாரத்தில் எல்லா அமைப்பும் அமைச்சும் வீரர் தினச் செய்தி அனுப்பும். ஆகஸ்டு பிறந்தால் மெர்டேக்கா வந்துவிடும். அந்த வாரத்தில் எங்களைப் போன்ற சிறிய அமைப்பின் குரல் கேட்காது. ஆகவே நாங்கள் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பேசினோம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோன பிறகும், மக்கள் ஓசை, மலேசிய நண்பன் போன்ற நாளிதழ்களை முதியவர்கள் காலையில் வரிவிடாமல் படிக்கிறார்கள். அவர்களுக்கு இணையப் பதிவைவிட நாலு பத்திச் செய்தி மேலானது. வெட்டி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வருகிறார்கள். வானொலி அதைவிடவும் நெருக்கமானது. மின்னல் எஃப்.எம். ஓடாத தமிழ்ச் சமையலறை குறைவு. சமையலறையில் வானொலி கேட்பவர் யார் என்று யோசித்து, அறிவிப்பைப் பெண்களைப் பார்த்துப் பேசுவதாக எழுதினேன்: "உங்கள் கணவர், உங்கள் அப்பா, உங்கள் மாமனார் எப்போதாவது ராணுவத்தில் இருந்தாரா? எத்தனை வருடம் என்பது முக்கியமில்லை. பென்சன் இல்லை என்பதும் முக்கியமில்லை. ஒருமுறை எங்களைக் கூப்பிடுங்கள்." முதலில் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் மனைவிமார். கணவருக்குத் தெரியாமல் பேசியவர்களும் உண்டு. "அவரு கை நீட்ட மாட்டாரு, நான்தான் கேக்கறேன்" என்ற வாக்கியத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

விதவைகளைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினம். அவர்களை நாங்கள் கருமக்கிரியை வீடுகளில் கண்டோம். ஒரு முன்னாள் வீரர் காலமானால் பழைய தோழர்கள் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் பெரட் அணிந்து வந்து வரிசையில் நிற்பார்கள். அங்கே துண்டறிக்கை கொடுப்பது தகாது. பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு பெண் தொண்டர் போய், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சேவைப் புத்தகமும் மரணச் சான்றிதழும் எங்கே இருக்கின்றன என்று மெதுவாகக் கேட்பார். இதை மக்கள் தொடர்பு என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது. எனக்கு இதுதான் அந்தத் தொழிலின் உச்சம்.

தொலைபேசியை எடுப்பவர் குரல்தான் ஓர் அமைப்பின் அடையாளம் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. எவ்வளவு அழகாகச் சின்னம் வரைந்தாலும், கூப்பிட்டவரை "நாளைக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டால் எல்லாம் வீண். எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ராணுவ எழுத்தர். பெயரைக் கேட்பதற்கு முன் அவர் ராணுவ எண்ணைக் கேட்பார். நாற்பது ஆண்டு கழித்தும் அந்த எண்ணை யாரும் மறப்பதில்லை. மறதி நோயில் பிள்ளைகளின் பெயரே குழம்பிப்போன ஒரு முதியவர், இவர் கேட்டதும் தன் எண்ணை ஒரு மூச்சில் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் அழுதுவிட்டார். எண்ணைச் சொன்ன கணத்தில் மனிதர் உதவி கேட்பவராக இல்லாமல் தன் படைப்பிரிவுக்குத் திரும்பியவராக ஆகிவிடுகிறார். எழுத்தர் இதை எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. நாங்கள்தான் அவரிடம் கற்று, தொண்டர்கள் எல்லோரையும் அப்படியே கேட்கச் சொன்னோம்.

படங்கள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆளுயரக் காசோலை, அரிசி மூட்டை, சக்கர நாற்காலியில் குனிந்த தலை, பக்கத்தில் சிரிக்கும் நன்கொடையாளர்: இந்தப் படம் நம் நாளிதழ்களில் வாரத்துக்கு ஒன்று வருகிறது. கொடுப்பவருக்கு அது பெருமை. வாங்குபவரின் பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்க்கிறார், பேரன் படிக்கும் பள்ளி பார்க்கிறது, இன்னும் கூப்பிடாத இன்னொரு படைவீரரும் பார்க்கிறார். பார்த்ததும் நம் எண்ணைக் கிழித்துப் போடுகிறார். எங்கள் விதி இப்படி இருந்தது. கொடுக்கும்போது படம் இல்லை. படம் எடுத்தால் அவர் விரும்பும் உடையில், அவர் வீட்டு நாற்காலியில், நேராகக் கேமராவைப் பார்த்து. பெரட் போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. பத்திரிகைக்குப் போகுமுன் அவரும் குடும்பமும் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். இந்த விதியைக் கேட்ட ஒரு நிறுவனம் தன் நன்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செயலவையில் சிலருக்கு வருத்தம். அந்தப் பணம் போனது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஹெல்ப் ஃபார் ஹீரோஸ் அமைப்பு இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயமடைந்து திரும்பியவர்களைக் கட்டிலில் காட்டாமல், சைக்கிளில் காட்டியது அது. ஒரு கைப்பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டால் நீயும் அதில் பங்காளி என்றது. மக்கள் இரக்கத்தோடு வராமல் உற்சாகத்தோடு வந்தார்கள்.

அமெரிக்காவின் உவுண்டெட் வாரியர் பிராஜெக்ட் கற்றுக்கொடுத்தது வேறு பாடம். ஒரு வீரர் இன்னொருவரைத் தோளில் சுமந்து செல்லும் நிழலுருவம் அதன் சின்னம்; நானறிந்த வரையில் இந்தத் துறையின் மிகச் சிறந்த சின்னங்களில் ஒன்று. 2016 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் நியூயார்க் டைம்ஸும் அமைப்பு கூட்டங்களுக்கும் பயணங்களுக்கும் ஆடம்பரமாகச் செலவழிப்பதாகச் செய்தி வெளியிட்டன. மார்ச் மாதம் தலைமை நிர்வாகியும் அவருக்கு அடுத்தவரும் நீக்கப்பட்டார்கள். நன்கொடை சரிந்தது. பிறகு புதிய நிர்வாகம் வந்து அமைப்பு நிமிர்ந்தது என்றாலும், அடி விழுந்தது முதலில் உதவிக்குக் காத்திருந்த வீரர்கள்மேல்தான். கணக்குதான் ஓர் அமைப்பின் மிகப் பெரிய விளம்பரம் என்று நான் சொல்வது இதனால்தான். இங்கே சங்கப் பதிவகத்தில் பதிந்து ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். நன்கொடையாளருக்கு வரிவிலக்கு ரசீது தர வேண்டுமானால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற வேண்டும். சிக்னல் விளக்கடியில் உண்டியல் குலுக்குகிறவர்களில் இந்த அனுமதி யாரிடம் இருக்கிறது என்று பொதுமக்கள் தயங்காமல் கேட்க வேண்டும். நாங்கள் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் போன ஆண்டின் வரவு செலவை அச்சடித்தோம். முன்பக்கத்தைவிட அதைத்தான் மக்கள் அதிகம் படித்தார்கள்.

தேர்தல் நெருங்கினால் வேறொரு சோதனை. பேனரின் இடப்பக்கம் ஒரு முகம், வலப்பக்கம் ஒரு முகம், நடுவில் எங்கள் சின்னம் எறும்பளவு. பேனருக்கான செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று எல்லாக் கட்சியிலிருந்தும் ஆள் வந்தார்கள். ஒருவரிடமும் வாங்கவில்லை. படைவீரர் எந்த அரசாங்கம் வந்தாலும் நாட்டுக்குச் சேவை செய்தவர். அவர் பெயரில் இயங்கும் அமைப்பு ஒரு கட்சியின் நிறத்தைப் பூசிக்கொண்டால், மறு கட்சிக்கு ஓட்டுப் போடும் வீரர் வாசல்படி ஏறமாட்டார். செயலவை இதில் என்னைவிட உறுதியாக நின்றது. எங்கள் பேனரில் இன்றுவரை யாருடைய முகமும் இல்லை.

பிரபலமானவர்களே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு நான் கூர்க்காக்களைச் சொல்வேன். அவசரகாலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இந்த மலாயாக் காடுகளில் போரிட்ட நேபாள வீரர்கள் அவர்கள். 1997 ஜூலைக்கு முன் ஓய்வுபெற்ற கூர்க்காக்களுக்கு பிரிட்டனில் குடியேறும் உரிமை மறுக்கப்பட்டது. நடிகை ஜோவன்னா லம்லி அவர்களுக்காக முன்னால் வந்து நின்றார். அவருடைய அப்பா கூர்க்காப் படையில் அதிகாரியாக இருந்தவர். 2009 ஏப்ரல் 29ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 267க்கு 246 என்று அரசு தோற்றது. மே 21ஆம் தேதி, நான்கு ஆண்டு சேவை செய்த எவரும் குடியேறலாம் என்று அறிவித்தது. அந்த இயக்கத்தின் செய்திகளை நான் அப்போது ஒரு மாணவியைப் போல் வெட்டி வைத்துக்கொண்டு படித்தேன். லம்லி எங்கேயும் கூர்க்காக்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. கடன்பட்டிருக்கிறோம், கொடுத்துத் தீருங்கள் என்றார். கோரிக்கையும் ஒன்றே ஒன்று. அதனால் அது ஒவ்வொரு வீட்டிலும் புரிந்தது. புகழ்பெற்ற முகம் தன்னைக் காட்டாமல் கோரிக்கையைக் காட்டினால், அந்த முகத்தை நான் இரு கைகூப்பி வரவேற்பேன்.

எங்கள் கோரிக்கையையும் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டோம்: பதிவு செய்யுங்கள். சக்கர நாற்காலி, மருந்து, வீடு பழுதுபார்ப்பு, பிள்ளைகளுக்கான உதவி எல்லாமே அதற்குப் பின்னால் வருபவை. துறையிடம் உதவி இருந்தும் ஆள் பதியவில்லை என்றால் அது பெட்டியில்தான் கிடக்கும். நாற்காலி அடுக்க வந்த அந்த லான்ஸ் கோப்பரலைத் தொண்டர்கள் அழைத்துப்போய்ப் பதிந்தார்கள். இப்போது அவர் சனிக்கிழமைகளில் எங்கள் மேசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறார். ஓய்வூதியம் இல்லாதவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தால், மேசையில் உள்ள மற்றவர்களைவிட இவர் பேச்சைத்தான் அவர் நம்புகிறார்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ராணுவத்தில் இருந்தவர் ஒருவர் இருந்தால், சேவை குறுகியது என்றாலும், அவரே காலமாகியிருந்து மனைவி மட்டும் இருந்தாலும், இந்த வாரமே அந்தப் பழைய பெட்டியைத் திறந்து சேவைப் புத்தகத்தையும் பணி முடிந்த கடிதத்தையும் எடுத்து வையுங்கள். அடையாள அட்டையோடு ஜே.எச்.இ.வி. அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார். தாள்கள் தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம், ராணுவ எண்ணைக் கேளுங்கள். அது அவருக்கு நினைவிருக்கும்.